பன்னிரண்டாவது அட்டை

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்கால் இப்போது மடங்குகிறதா, இல்லை பாலத்து வேலையாட்களிடம் இன்னும் நாற்காலி கேட்டுக்கொண்டிருக்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. உன் மகளுக்கு வாய் மட்டும் நிற்கவில்லை. வக்கீல் என்று பட்டப்பெயர் வைத்தவன் நீ, அனுபவிப்பவர்கள் நாங்கள்.

பள்ளியில் இது பாடம் தேர்ந்தெடுக்கும் மாதம். பத்தாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பதினைந்து நிமிடம். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான், என் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பலகை. பாடத்துக்கு ஓர் ஆணி. யார் எந்தப் பாடம் எடுக்கிறார்களோ அந்த ஆணியில் அவர்கள் பெயர் எழுதிய அட்டையை மாட்டுவேன். கணினியிலும் எல்லாம் இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியை பலகையைத்தான் நம்புகிறார். எனக்கும் அதைப் பார்த்தால்தான் யோசனை ஓடுகிறது.

இன்று ஓர் அப்பா வந்தார். "மேடம், எதுல எழுத்து வேலை கம்மி?" என்றார். மகள் அவரைப் பார்த்து, "அப்பா, படிக்கப்போறது நான்" என்றாள். அடுத்து வந்த அம்மா, "பக்கத்து வீட்டுப் பொண்ணு எடுத்த அதே பாடம் வேணும். ஆனா அவ மூஞ்சில எங்க பொண்ணு முழிக்கக் கூடாது" என்றார். அதற்கு ஏற்றமாதிரி ஒரு டைம்டேபிள் போட்டேன் என்றால் நம்புவாயா?

பிறகு நம் வக்கீலின் முறை. அண்ணியும் வந்திருந்தார்.

"அத்தை, எனக்குப் பூகோளம்."

"இங்க நான் அத்தை இல்ல."

"சரி, மேடம் அத்தை. எனக்குப் பூகோளம்."

ஏன் என்று கேட்டேன். "மழை வரும்னு டிவில சொல்றாங்க. வரலைன்னா யாரும் அவங்களைக் கேக்கறதில்ல. நான் போய் சரியா சொல்லப்போறேன்."

சிக்கல் என்னவென்றால், பூகோள ஆணியில் பதினோரு அட்டைதான் தொங்குகிறது. பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் வகுப்பு நடக்காது. மே முப்பத்தொன்றாம் தேதி மாலை எண்ணி முடித்துவிடுவார்கள். அதற்குள் இன்னொருவர் சேராவிட்டால் பதினோரு பேரையும் வேறு பாடங்களுக்கு மாற்ற வேண்டும், வக்கீலையும் சேர்த்து. வானிலைப் படிப்புக்கு நம் ஊர்க் கல்லூரியில் முதலில் கேட்பதே பூகோளத்தைத்தான். பூகோள ஆசிரியர் ஒரு நாளைக்கு ஐந்து முறை என் அறை வாசலில் நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லி ஆணியை எண்ணிவிட்டுப் போகிறார்.

நாங்கள் பேசி முடிக்கும்வரை அண்ணி மேசைமேல் கிடந்த பூகோளப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததுகூட அவருக்குக் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


ஏப்ரல் 28

தங்கச்சிக்கு,

அண்ணன் நலமாகத்தான் இருக்கிறேன். கால் மடங்குகிறது, நிமிரத்தான் யோசிக்கிறது. உன் கண் எரிச்சலுக்கு மருந்து போட்டாயா?

இங்கே செல்போன் டவர் மறுபடியும் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால் இரண்டு நிமிடம் பேசலாம். அதில் ஒன்றரை நிமிடம் வக்கீலுக்கு. மிச்சம் அரை நிமிடத்தில் உன் அண்ணி "சாப்பிட்டீங்களா?" என்கிறாள், நான் "ம்" என்கிறேன், லைன் போய்விடுகிறது. அதனால் ஜீப்பில் வந்து சேரும் உன் கடிதம்தான் எனக்கு வீடு.

அது என்ன பன்னிரண்டு? இங்கே நான் ஏழு பேரை வைத்துக்கொண்டு ஒரு தூணையே எழுப்பியிருக்கிறேன். பள்ளி வாசலில் நின்று யாராவது ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வா. ஒரு பெண் ஆசையாகப் படிப்பு கேட்கும்போது ஓர் அட்டை குறைகிறது என்று இல்லை சொல்வதா? வக்கீல் பூகோளம்தான் படிக்க வேண்டும். இது அண்ணன் உத்தரவு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
அண்ணன்


மே 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்ணுக்கு மருந்து போட்டேன், தேவலை. நீ தொட்டிமேல் ஏறும்போது பார்த்து ஏறு. முழங்காலோடு மற்றதும் போய்விடப் போகிறது.

உன் உத்தரவுப்படி வாசலில் நிற்கவில்லை. ஆனால் ஒருவர் தானாகவே வந்து கேட்டிருக்கிறார். பிள்ளை இல்லை, ஓர் அம்மா. நம் வயதுதான். பதினோராம் வகுப்பில் பாதியில் நின்றுபோனவர். அப்படிப்பட்டவர்கள் ஏதாவது ஒரு பாடத்தை மட்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதலாம் என்று எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. அவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். கடைசியாக அப்படி வந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூன்றாம் மாதம் டூட்டி மாறிப் போய்விட்டார், அந்த வகுப்பே கலைந்துபோனது. அன்றிலிருந்து தலைமையாசிரியை வீட்டிலிருந்து ஒரு கடிதம் கேட்கிறார்: இந்த நேரத்தில் இவர் பள்ளிக்குப் போவது எங்களுக்குத் தெரியும், குறுக்கே நிற்க மாட்டோம் என்று.

அங்கேதான் முட்டி நிற்கிறது. இவருடைய கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்க இவருக்குத் தயக்கம். கல்யாணமான புதிதில் ஒரு முறை கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லித் தட்டிவிட்டாராம். "மறுபடி கேட்டு, அதே பதிலைச் சொன்னா, அப்புறம் அவர் முகத்தைப் பாக்கறது கஷ்டம். கேக்காம இருந்தா அவர் நல்லவராவே இருப்பாரு" என்றார். பாடம் எடுக்கத் தயங்கும் பிள்ளைகளிடம் பேசிப் பேசியே காலம் தள்ளுபவள் நான். அன்று பென்சில்தான் சீவிக்கொண்டிருந்தேன்.

அவர் யாரென்று எழுத எனக்கு அனுமதி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை


மே 20

தங்கச்சிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குறை ஒன்றும் இல்லை. அந்த அம்மா விஷயம்தான் மனதை அரிக்கிறது.

அந்த ஆள் எந்தக் காலத்து மனிதர்? பெண்டாட்டி பள்ளிக்குப் போனால் அவர் தலையிலிருந்து என்ன கழன்று விழப்போகிறது? நானும் வெளியூரில் கிடப்பவன்தான். ஆம்பளைக்கு ஆம்பளை சொன்னால் ஏறும். அவருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பெயர் தெரியாததால் பொதுவாக எழுதியிருக்கிறேன். எப்படியாவது அவர் கையில் சேர்த்துவிடு.

அண்ணன்

(உடன் வைத்தது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைப் போலவே குடும்பத்தை விட்டுத் தொலைவில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். உங்கள் மனைவி பாதியில் விட்ட படிப்பைத் தொடர விரும்புவதாக அறிந்தேன். முன்பு ஒரு முறை நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அன்று உங்கள் வீட்டில் என்ன சிரமமோ, நான் அறியேன். இன்று அவர் பள்ளிக்குப் போவது தெரியும், குறுக்கே நிற்க மாட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பதால் நீங்கள் குறைந்துவிட மாட்டீர்கள். நானாக இருந்தால் இன்றே எழுதிக் கொடுப்பேன். இப்படி ஒரு மனைவி அமைந்தாளே என்று பெருமைப்படுவேன். பெரிய மனதோடு நடந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மனைவியை மதிக்கும் ஒரு கணவன்
(கையெழுத்து)


மே 26

அண்ணிக்கு,

நேற்று பஸ்ஸில் இடம் கிடைத்து வீடு போய்ச் சேர்ந்தீர்களா? இதை வக்கீலின் கணக்கு நோட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், ஆகவே படித்திருப்பாள்.

அண்ணா அந்தக் "கணவருக்கு" எழுதிய கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அது தன் பெண்டாட்டியைப் பற்றி என்பது அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது. முதல் முறை படித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. எண்ணிக்கைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. இதைத் தலைமையாசிரியையிடம் காட்டலாமா? வேண்டாம் என்றால் சொல்லுங்கள், இங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

உங்கள் நாத்தனார்


மே 26, அதே தாளின் பின்பக்கம்

என் அருமை நாத்தனாருக்கு,

பஸ்ஸில் இடம் கிடைத்தது, இறங்கும்போதுதான் செருப்பு அறுந்தது. மற்றபடி சுகம்.

கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன், பால் பொங்கி ஓடிவிட்டது. பதினெட்டு வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். இவ்வளவு அழகாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. ஊரில் யாரோ ஒருத்திக்காகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் பள்ளியை விட்டபோது கடல் நீரோட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். வெப்ப நீரோட்டங்கள் முடிந்திருந்தன. குளிர் நீரோட்டங்கள் திங்கட்கிழமை என்றார் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை அப்பா விழுந்துவிட்டார், அதோடு சரி. இன்றைக்கும் எனக்குப் பாதிக் கடல்தான் தெரியும்.

காட்டு. ஆனால் பொய் சொல்லிக் காட்டாதே. அவருக்கும் நீயே எழுதிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணி

நான் எதையும் படிக்கவில்லை. ஆனால் அம்மா என் பக்கத்தில் உட்காரக் கூடாது. — வக்கீல்


ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

அந்தக் கணவர் நீதான்.

ஏப்ரலில் அன்று பாடம் தேர்ந்தெடுத்து முடித்து எல்லோரும் போன பிறகு அண்ணி மட்டும் திரும்பி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டாவது ஆளு பதினஞ்சு வயசாதான் இருக்கணுமா?" என்று கேட்டார். நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்து அவரோடதுதானே?"

"ஆமா மேடம்."

"அந்தம்மாவோட வீட்டுக்காரர்தானே?"

"ஆமா. ஆனா யாருக்கு எழுதறோம்னு அவருக்குத் தெரியாது."

"தனக்குத்தானே கடுதாசி எழுதிக்கிட்ட மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்." மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அட்டையை மாட்டுங்க. வகுப்பு ஆரம்பிக்கட்டும். ஆனா தெரிஞ்சு எழுதின கடுதாசி ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள என் மேசைக்கு வரணும். வரலைன்னா அட்டையைக் கழட்டிடுவேன், வகுப்பும் கிடையாது."

உன் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். விலாசதாரர் கையில் சேர்த்துவிடு என்றாயே, சேர்த்துவிட்டேன்.

அண்ணா, இன்னொன்றும் இருக்கிறது. அண்ணி அன்று உன்னைக் கேட்டபோது நான் பக்கத்து அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடம். "வீட்டுல ஒருத்தி படிக்கிறா, போதாதா?" என்றாய். அந்த ஒருத்தி நான்தான். காதில் விழாததுபோலப் பக்கத்தைப் புரட்டினேன். அண்ணி அம்மாவைப் பார்த்துக்கொண்டார், நான் பட்டம் வாங்கினேன். இன்றுவரை ஊரார் பிள்ளைகளை உட்காரவைத்து "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அண்ணியை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆகவே உன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஜூலை 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான்கு ஜீப் வந்துபோயிருக்க வேண்டும், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்று ஞாயிறாகப் போனும் இல்லை. கால் வலியா, கோபமா? கால் என்றால் மருந்து எழுதுகிறேன். கோபம் என்றால் திட்டியாவது எழுது.

இங்கே வகுப்பு நடக்கிறது. அண்ணி மூன்றாம் பெஞ்சில் உட்காருகிறார். வக்கீல் அவரிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்கிறாள்: பள்ளிக்குள் கண்ணு, செல்லம் என்று கூப்பிடக் கூடாது, தலை கலைந்திருந்தால் சரி செய்யக் கூடாது, மற்ற பிள்ளைகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்கக் கூடாது. முதல் இரண்டையும் அண்ணி காப்பாற்றுகிறார். மூன்றாவது முதல் நாளே போய்விட்டது. இப்போது அண்ணியின் டிபன் டப்பாவுக்காக அந்த பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை.

"எம்மா, நீ கேள்வி கேட்டுட்டே இருந்தா மணி அடிச்சாக்கூட சார் விடமாட்டேங்கறாரு" என்று வக்கீல் புலம்புகிறாள்.

"புரியலைன்னா கேக்கச் சொன்னது அவருதானே?"

"அது சும்மா சொல்றதும்மா!"

பூகோள ஆசிரியர் இப்போது என் வாசலில் நிற்பதில்லை. புதிதாக ஒரு சட்டை வாங்கியிருக்கிறார். அண்ணி உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறார்.

முப்பத்தொன்றாம் தேதியை மறந்துவிடாதே.

உன் தங்கை


ஜூலை 17

தங்கச்சிக்கு,

கால் இல்லை. கோபம்தான். இப்போது இல்லை.

முதல் வாரம் உன்மேல் கோபம். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தலைமையாசிரியைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் அந்த நகலை எடுத்துப் படித்தேன். எழுதியபோது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வாங்கிப் படிக்கும்போது அந்த ஆளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பெரிய மனதோடு நடந்துகொள்ளுங்கள்" என்கிறான். நீ யார்டா எனக்குச் சொல்ல, என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மேஸ்திரி, "என்ன சார், யாரு?" என்றார். "தெரிஞ்சவன்தான்" என்றேன்.

மூன்றாம் வாரம்தான் உண்மையாகக் கஷ்டமாக இருந்தது. நான் அன்று சொன்னதை மறந்துவிட்டேன் என்றுதானே நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மறக்கவில்லை. உன் அண்ணி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் அவளும் சிரித்தாள், மடித்து முடித்தாள், போய்விட்டாள். மறுபடி கேட்பாள், அப்போது சரி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. நீ பக்கம் புரட்டிய சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. உன்மேல் தப்பு இல்லை, விட்டுத்தள்ளு.

இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டியிருப்பது உன் அண்ணிக்கு. பிரிக்காமல் கொடு, வக்கீல் வழியாக வேண்டாம். ஒட்டாதது பள்ளிக்கு.

அண்ணன்

(பள்ளிக்கு எழுதியது)

மதிப்புக்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

என் மனைவி உங்கள் பள்ளியில் பூகோளம் படிப்பது எனக்குத் தெரியும். இது அனுமதிக் கடிதம் அல்ல. அவள் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. தெரியும் என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன். வகுப்பு நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் அவளைக் கூப்பிட மாட்டோம். இந்த முறை யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறேன்.

கணவன்
(கையெழுத்து)


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. ஜீப் டிரைவர் வாழ்க. தலைமையாசிரியை படித்துவிட்டு, "இவரு நல்லா எழுதறாரே, அடிக்கடி தப்பு பண்ணச் சொல்லுங்க" என்றார். கோப்பில் இரண்டையும் சேர்த்துக் கோத்து வைத்திருக்கிறார். வகுப்புக்கு இனி ஆபத்து இல்லை.

ஒட்டிய கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். என் எதிரில் பிரிக்கவில்லை. மறுநாள் வகுப்புக்குக் கண் வீங்கி வந்தார். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு உட்கார்ந்திருந்தது, கேள்வி மட்டும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆசிரியர் பயந்துபோய் என்னிடம் வந்து, "உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?" என்று விசாரித்தார்.

இப்போது புதிய தலைவலி. செப்டம்பர் ஐந்தாம் தேதி பெற்றோர் கூட்டம். பிள்ளைக்குப் பத்து நிமிடம். வக்கீலுக்கு யார் வருவது? அண்ணி வரக்கூடாதாம். "கூடப் படிக்கிறவங்க எப்படி எனக்குப் பேரன்ட்டா வர முடியும்? அதுவும் மேப் வரையற பரீட்சையில என்னைவிட ரெண்டு மார்க் கூட வாங்கினவங்க!" என்கிறாள். சட்டம் அவள் பக்கம்தான். அண்ணிக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும்.

ஆகவே பலகையில் இப்படிப் போட்டிருக்கிறேன்: பத்து பத்திலிருந்து பத்து இருபதுவரை வக்கீல், பத்து இருபதிலிருந்து பத்து முப்பதுவரை அண்ணி. இருவருக்கும் வருபவர் என்ற இடத்தில் உன்னைத்தான் எழுதியிருக்கிறேன். லீவு கிடைக்குமா?

உன் தங்கை


ஆகஸ்ட் 18

தங்கச்சிக்கு,

நான் சுகம். முழங்கால்கூட ஊருக்கு வர ஆசைப்படுகிறது போல, படியில் ஒழுங்காக ஏறுகிறது.

லீவு கிடைத்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் "மனைவியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம்" என்று எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"மகளோட பள்ளின்னு எழுதணும், மாத்தி எழுதிட்டீங்க."

"மகளுக்கும் உண்டு சார். ஆனா மனைவிக்குத்தான் முக்கியமா போறேன்."

"எப்படிப் படிக்கிறாங்க?"

"மகளைவிட ரெண்டு மார்க் கூட."

கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு நாள் கேட்டதற்கு நான்கு நாள் கொடுத்திருக்கிறார்.

வக்கீலுக்கான பத்து நிமிடத்தில் என்ன பேசுவது என்று தெரியும். அவளே பேசிவிடுவாள். இரண்டாவது பத்து நிமிடத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்க நாலு கேள்வி எழுதி வைத்தேன், அடித்துவிட்டேன். உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வகுப்பைப் பற்றிச் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொண்டு கேட்கப்போகிறேன். பத்து நிமிடம் போதாது. நமக்குப் பிறகு வருபவர்களைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிடு.

அண்ணன்